ஆச்சி பதில்கள்: வாடையும் பனியும்

(காரைக்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஆச்சி, இந்த இதழில் மழை, பனி, குளிர் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: மகள் நொய்டாவில் இருக்கிறாள் ஆச்சி. மார்கழியில் போன் போட்டால், "ஆத்தா, பகலிலேயே எதிர்வீடு தெரியலை, விரலெல்லாம் விறைக்குது" என்கிறாள். இங்கே நாம் ஃபேன் போட்டுத் தூங்குகிறோம். ஒரே நாட்டில் இவ்வளவு வித்தியாசமா?
– வாசகி, தேவகோட்டை

ப: அவளை நடுங்க வைக்கிற காற்றும் நம் வளவில் மழையைக் கொட்டுகிற காற்றும் பங்காளிகள்தான். ஐப்பசி பிறந்ததும் வடக்கே நிலம் சீக்கிரம் ஆறிவிடும். ஆறிய நிலத்தின்மேல் காற்று கனத்து அழுத்தம் கூடும். கடல் அவ்வளவு லேசில் ஆறாது. ஆகவே காற்று நிலத்தைவிட்டுக் கடலைப் பார்த்துக் கிளம்புகிறது. டெல்லிப் பக்கம் அது வெறும் வறண்ட குளிர்காற்று. வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும்போது ஈரத்தை மொண்டுகொண்டு வடகிழக்கிலிருந்து நம் கரை ஏறுகிறது. அக்டோபர் 20ஐ ஒட்டி இது தொடங்குவது வழக்கம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும்.

ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டும்போது மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குக் குறுக்கே நிற்கிறது. நம் பங்குக்கு மேல்காற்றும் புழுதியும்தான். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் ஊருணி நிறைய ஐப்பசி, கார்த்திகை வரவேண்டும். நாலு பக்கமும் ஓட்டுக் கூரையைச் சரித்து நடுவில் வானத்தைப் பார்க்க வீடு கட்டினார்களே, அது இந்த மழையை நம்பித்தான். முதல் மழை ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று எங்கள் அப்பத்தா விட்டுவிடுவார். அடுத்த மழைக்குத்தான் கங்காளம் என்ற பெரிய பாத்திரத்தை முற்றத்தில் இறக்கி, அதன் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுவார். துணியில் தங்கும் வேப்பிலைச் சருகை எடுத்துப் போடுவது பிள்ளைகள் வேலை.

மூடுபனிக்குக் காரணம் வேறு. கங்கைச் சமவெளியில் அப்போது கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள், தரையில் ஈரம். இரவு நீளம், காற்றோ அசையாது. டிசம்பர் கடைசியில் டெல்லிக்குப் பகல் பத்தேகால் மணி நேரம், நமக்குப் பதினொன்றரை. தரை குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரம் துளித்துளியாக நிற்கும். மேலே கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி இருப்பதால் புகையும் அதோடு சேர்ந்து கலையாமல் கிடக்கும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளுக்கு 'சில்லை கலான்' என்றே பெயர். குழாய்த் தண்ணீர் உறைகிற காலம். நமக்கோ பூமத்திய ரேகையும் பக்கம், கடலும் பக்கம். குளிர் எங்கிருந்து வரும்? மகளிடம் காலையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கே: கார்த்திகைக்கு மிஞ்சிய மழை இல்லை என்கிறார்களே, மார்கழி பிறந்ததும் ஓடு மாற்ற ஆளை வரச்சொல்லலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அதாவது மார்கழி முதலிரண்டு நாளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நம் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். பழமொழி பெரும்பாலும் சரி. கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டபிறகு 'பெரும்பாலும்' உதவாது. தை பிறக்கட்டும்.

கே: பினாங்கில் தைப்பூசத்துக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதற்குச் சற்று முன்னால்தான் இதே நாட்டில் கிளந்தானில் வெள்ளம் என்று செய்தி வரும். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், பினாங்கு

ப: நமக்கு ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலை செய்வதை உங்களுக்கு மார்கழியில் மலேசியாவின் நடுவே நிற்கும் தித்திவாங்சா மலை செய்கிறது. தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் அதே வடகிழக்குக் காற்று, கிழக்குக் கரையில் கோத்தா பாரு, குவாந்தான் பக்கம் இறக்கி வைத்துவிட்டு, மலை தாண்டி உங்களிடம் வெறுங்கையோடு வருகிறது. உங்கள் பெருமழை செப்டம்பர், அக்டோபரிலேயே பெய்து தீர்ந்துவிடும். ஒரு விதத்தில் நல்லதுதான். வெள்ளி ரதம் நனையாமல் வீதி வலம் வருகிறதே! எந்த ஊர்ப் பருவத்தைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வழியில் கடலா மலையா என்பதை. மாதப் பெயர் அப்புறம்தான்.

கே: பள்ளியில் இலையுதிர் காலம் பற்றி என் மகன் பேச வேண்டும். "ஐயா ஊரில் எப்போது இலை உதிரும்?" என்று கேட்கிறான்.
– வாசகி, நியூ ஜெர்சி

ப: கெட்டிக்காரப் பிள்ளை. அங்கே அக்டோபரில் பகல் சுருங்கிக் குளிர் தட்டியதும், இலையிலுள்ள பச்சையம் சிதைந்து, அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே வரும். மேப்பிளில் சிவப்பு புதிதாகவே உண்டாகும். பிறகு உதிரும். இங்கே அதே அக்டோபரில்தான் மரங்கள் நன்றாகத் தழைத்து நிற்கும். அரசும் புங்கையும் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில், மண்ணில் ஈரம் வற்றும்போது. அங்கே குளிருக்குப் பயந்து உதிர்க்கிறது, இங்கே வறட்சிக்குப் பயந்து. நம் புங்கைக்கு மொட்டையாக நிற்கவும் நேரம் கிடையாது. பழுப்பு கொட்டி முடிவதற்குள் பளபளவென்று தளிர் வந்துவிடும். விடுமுறைக்கு வந்தால் காட்டுகிறேன்.

கே: மெல்பர்னில் மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்பு கொளுத்தும் வெயிலில் வருகிறது. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால்தானே கோடை?
– வாசகர், மெல்பர்ன்

ப: பக்கத்தில் வருவது உண்மை, ஜனவரி முதல் வாரத்தில். அது காரணமானால் நொய்டாப் பெண்ணும் வியர்த்திருக்க வேண்டுமே! பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்து சுற்றுகிறது. டிசம்பரில் உங்கள் பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். நோன்புக்கு இழை வைக்கும் மாவு உருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: முதல்முறையாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். பகலில் வெயில், இரவில் பனி என்று பயமுறுத்துகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், கீழச்சிவல்பட்டி

ப: பயமுறுத்தவில்லை, உண்மைதான். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்'. தையில் மேகம் கலைந்து வானம் துப்புரவாகிவிடும். பகல் சூட்டைத் தரை இரவில் வானத்துக்கு விட்டுவிடும். தடுக்க மேகப் போர்வை இல்லை. பனி மேலிருந்து கொட்டுவதாக நினைக்கிறோம். உண்மையில் குளிர்ந்துபோன புல்லிலும் துண்டிலும் காற்றின் ஈரம் வந்து ஒட்டுகிறது. வெட்டவெளியில் நிறுத்திய சைக்கிள் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், வேப்பமரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருக்கும். மரம் தரைச் சூட்டைப் பிடித்து வைப்பதால் வரும் வித்தியாசம் அது.

எனவே நத்தம், திண்டுக்கல் வழியில் படுக்கும்போது வயல்வெளியை விட்டு மண்டபம், கொட்டகை, குறைந்தது ஒரு மரத்தடி பாருங்கள். காதை மூட மஃப்ளர் போதும். கம்பளி சுமக்காதீர்கள், காலை ஒன்பது மணிக்கே அது பாரமாகிவிடும். தலைத்துண்டு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்தால் பையில் கட்டித் தொங்கவிட்டு நடந்தபடியே காயவைக்கலாம்.