17 நாள் நடந்தபின் கால் எலும்பில் வலி: பயணத்தைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் மென்பொருள் வேலை. ஆறு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிஃபிக் கிரெஸ்ட் ட்ரெயில் என்ற நடைபாதையில் தனியாக நடக்கிறேன். ஏப்ரல் 8-ஆம் தேதி மெக்சிகோ எல்லையில் உள்ள கேம்ப்போவில் கிளம்பினேன். வார்னர் ஸ்பிரிங்ஸ் வரை, அதாவது முதல் 109 மைலுக்கு, தினம் 8, 9 மைல்தான் நடந்தேன். உடம்பு பழகிவிட்டது என்று தோன்றியதால் கடைசி நாலு நாளும் 17, 18 மைல் நடந்து, இப்போது ஐடில்வைல்ட் என்ற மலையூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இடது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. தினம் மூன்று ஐபுப்ரூஃபென் வலி மாத்திரை (400 மி.கி.) போட்டுக்கொண்டுதான் நடந்தேன். குதிகாலில் கொப்புளம். பசியே இல்லை. மாதவிடாய் 12 நாள் தள்ளிப் போயிருக்கிறது. கர்ப்பம் இல்லை, பரிசோதித்துவிட்டேன். ராத்திரி கூடாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருகிறது. நாளை மறுநாள் கிளம்புவதாக இருக்கிறேன். கிளம்பலாமா?

பதில்: நாளை மறுநாள் கிளம்பாதீர்கள். பயணத்தையே விட்டுவிடச் சொல்லவில்லை. இந்தக் காலோடு, இந்த மாத்திரையோடு, இந்தச் சாப்பாட்டோடு கிளம்ப வேண்டாம் என்கிறேன்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். கடைசியாக மாத்திரை போட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கீழ்க்கால் எலும்பின் உட்பக்க ஓரத்தைக் கணுக்காலிலிருந்து மேலே மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கும் மேலாகப் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட். எலும்பின் மேலுறையும் அதில் ஒட்டியிருக்கும் தசையும் நைந்துபோன வலி. அப்படியில்லாமல், ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓர் இடத்தில் மட்டும் ‘சுரீர்’ என்று இருந்தால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்பில் முடி அளவு விரிசல், இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். நடக்க நடக்க வலி கூடுவதும், படுத்த பிறகும் விண்விண் என்று தெறிப்பதும் அதே பக்கம்தான் கைகாட்டும். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. நீங்கள் குதிக்க வேண்டாம்.

உடம்பு பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பழகியது இதயமும் நுரையீரலும் தசையும். அவை இரண்டு வாரத்தில் தேறிவிடும், மேட்டில் மூச்சு வாங்குவது குறையும், உற்சாகம் வரும். எலும்பு அப்படியில்லை. புதிய பாரம் விழும்போது, முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுத்துவிட்டுத்தான் அது புதியதைக் கட்டும். கரைப்பது சீக்கிரம் நடக்கும், கட்ட மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூன்றாவது, நாலாவது வாரத்தில் உங்கள் எலும்பு கிளம்பிய நாளில் இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் தூரத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. பிரஷ்யப் படையில் நடைப்பயிற்சியில் இருந்த சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி பிரைட்ஹாப்ட் என்ற ராணுவ மருத்துவர் 1855-லேயே எழுதினார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது பாத எலும்பில் விழும் விரிசல் என்று தெரிந்தது. இன்றும் புதிதாகச் சேரும் ராணுவத்தினரிடம் முதல் சில வாரங்களில் இது அதிகம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கான மருத்துவ முகாமில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வருவது கொப்புளம், தசைப்பிடிப்பு, தொடை உரசிய புண். நடை நாலைந்து நாளில் முடிந்துவிடுவதால் பெரும்பாலும் எலும்பு தப்பிவிடுகிறது. உங்கள் பாதை 2,650 மைல். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் வலித்தால் மலையிலிருந்து இறங்கி ஒரு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் வரை எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்பதை நம்பி நடந்துவிடாமல் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். விரிசல் என்றால் ஆறு முதல் எட்டு வாரம், சில இடங்களில் அதற்கு மேலும், நடையை விட வேண்டும். வலி எலும்பின் முன் விளிம்பிலேயே இருந்தால் இன்னும் அவசரம். அந்த இடத்து விரிசல் முழு முறிவாக மாறக்கூடியது.

பரவலான வலிதான் என்றால் ஐந்து நாள் ஐடில்வைல்டிலேயே இருங்கள். அங்கிருந்து அடுத்து வருவது என்னவென்று உங்களுக்குத் தெரியும்: சான் ஜசின்டோ மலைமுகட்டிலிருந்து சான் கொர்கோனியோ கணவாய் வரை சுமார் 6,000 அடி இறக்கம், பெரும்பகுதிக்குத் தண்ணீர் கிடையாது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் கீழ்க்காலை அடிக்கும், அதுவும் முதுகில் ஐந்து லிட்டர் தண்ணீரோடு. சாதாரணமாக ஊருக்குள் நடக்கும்போது இரண்டு நாள் மாத்திரையில்லாமல் வலி இல்லையென்றால் கிளம்பலாம். முதல் வாரம் 8 முதல் 10 மைல். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல். தண்ணீர், சாப்பாட்டோடு சேர்த்து மூட்டையின் எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கப் பாருங்கள். 55 கிலோ எடையென்றால் 11 கிலோ. இந்த 17 நாளில் தொடாத பொருள்களைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாள் வீணாகிறதே என்று பதறாதீர்கள். 702-ஆவது மைலில் கென்னடி மெடோஸ் என்ற இடத்தைத் தாண்டினால் சியரா மலை. ஜூன் நடுவில்கூட அங்கே பனி கிடக்கும் வருடங்கள் உண்டு, சீக்கிரம் போனவர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐபுப்ரூஃபெனை இன்றே நிறுத்துங்கள். இந்தப் பாதையில் நடப்பவர்கள் அதை ‘வைட்டமின் ஐ’ என்று செல்லமாகச் சொல்வதுண்டு. அந்தப் பெயர்மீது எனக்குக் கோபமே உண்டு. வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதை அது மேலும் குறைக்கும், வெறும் வயிற்றில் குடலைப் புண்ணாக்கும். உங்கள் விஷயத்தில், எலும்பு கூப்பிடும் குரலை நாலு நாளாக அமுக்கி வைத்திருப்பதும் அதுதான். தேவைப்பட்டால் பாரசிட்டமால் போதும், ஒரு நாளில் 3 கிராமுக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. பசியின்மை, மாதவிடாய் தள்ளிப்போனது, அழுகை, எலும்பு வலி நான்கையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கயிற்றின் முடிச்சுகளாகத் தெரிகின்றன. வெயிலும் களைப்பும் முதல் வாரங்களில் பசியை அடக்கிவிடும். நாளெல்லாம் மூட்டையோடு நடக்கும் உடம்பு 3,000, 4,000 கலோரி செலவழிக்கிறது. நீங்கள் அதில் பாதியாவது உள்ளே அனுப்பியிருப்பீர்களா? போதாதபோது உடம்பு எதையெல்லாம் தள்ளிப்போடலாம் என்று பார்க்கும். மாதவிடாய் முதலில் நிற்கும் வேலைகளில் ஒன்று. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பைக் கட்டும் வேலையும் மந்தமாகும். அதனால் பசிக்குக் காத்திருக்காதீர்கள், மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போடுங்கள். வேர்க்கடலை, பேரீச்சை, சீஸ். டார்ட்டியாவில் (மெக்சிகோ சப்பாத்தி) எண்ணெய் தாராளமாக விட்டு இட்லிப்பொடி தடவிச் சுருட்டினால் வேகாத வெயிலிலும் இறங்கும். நெய் சிறு புட்டியில் கெடாமல் வரும், ராத்திரி பருப்புப்பொடிச் சாதத்தில் இரண்டு கரண்டி விடுங்கள். தண்ணீரை உப்புக் கலவையோடு, தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் கட்டாயமாகக் குடிப்பதும் ஆபத்து. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும்.

கொப்புளம் சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். இறுக்கமாக வலித்தால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை உரிக்காமல் கட்டுப் போடுங்கள். பழனிப் பாதையில் பெரியவர்கள் ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்துக்குள் நூலை விட்டுவைப்பார்கள். நீர் வடியும், ஆனால் அந்த நூல் வழியாகக் கிருமியும் உள்ளே போகும், வேண்டாம். சுற்றிலும் சிவந்து சூடாகப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். பாதம் வீங்கி அகலமாகியிருக்கும், அரை அளவு பெரிய ஷூவும் பாருங்கள்.

அழுகையைக் கடைசியில் சொல்வதால் அது சின்ன விஷயமில்லை. 17 நாள் அரைப்பட்டினி, கல் தரையில் அரைத்தூக்கம், பேச ஆளில்லை. யாருக்கும் கண் கலங்கும். இந்த ஐந்து நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மெத்தையில் தூங்கி, அம்மாவிடமோ தோழியிடமோ தினம் பேசுங்கள். பலருக்கு மூன்றாவது நாளே மேகம் விலகும். விலகாமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, உயிர்மீதே வெறுப்பு வந்தாலோ, காட்டில் தனியாக இருக்காதீர்கள். அங்கேயே 988 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

விரலால் அழுத்திப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.