அப்பாவின் பாவத்துக்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்க வேண்டுமா?

குடித்தே இறந்த அப்பாவின் பாவம்தான் உங்கள் இரண்டு கருச்சிதைவுகளுக்கும் காரணம், சாபம் முறிக்கக் காணிக்கையோடு வாருங்கள் என்று சிலர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. படித்ததும் மனசு கொதித்துப்போனது.

அவர்கள் காட்டிய வசனம் வேதாகமத்தில் யாத்திராகமம் 20:5 ஆகத்தான் இருக்கும். பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பேன், அதாவது தண்டிப்பேன் என்று தேவன் சொல்வது, "என்னைப் பகைக்கிறவர்களை" என்ற சொல்லோடு சேர்ந்து வருகிறது. அடுத்த வசனமோ ஆயிரம் தலைமுறைக்கும் இரக்கம் என்கிறது. அதை ஏன் வாசிக்காமல் விட்டார்கள்?

சரி, எசேக்கியேல் 18-ஐ முழுவதும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள், பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், எங்கள் பல் கூசுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள்; அதாவது, அவர்கள் செய்த பாவத்துக்கு நாங்கள் அனுபவிக்கிறோம் என்று. இனி அந்தப் பழமொழியைச் சொல்லவே கூடாது என்று தேவன் தடுக்கிறார். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை, பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்பது 20-ஆம் வசனம். ரோமர் 14:12-ம் அவனவன் தன்னைக்குறித்தே கணக்குக் கொடுப்பான் என்றுதான் சொல்கிறது. உங்கள் அப்பாவின் கணக்கு தேவனிடம் இருக்கிறது. அதை உங்கள் கையில் திணிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

குடிகார வீட்டில் வளர்ந்த காயம் பிள்ளைகளிடம் தங்கும், உண்மைதான். ஆனால் காயம் வேறு, தண்டனை வேறு. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, பெற்றோருமல்ல என்றார் இயேசு (யோவான் 9:3).

காணிக்கை கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.