டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது, சிறுநீரகம் பழுதாகிவிட்டது, இதயமும் பலவீனம். ரத்தத்தில் கழிவான கிரியேட்டினின் 4.8, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 11. சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸுக்குத் தயாராகச் சொல்கிறார் டாக்டர். அப்பாவோ, "எனக்கு எதுவும் வேண்டாம்" என்கிறார். "அப்படியே விட்டுவிடுவதா?" என்று அண்ணன் கோபப்படுகிறான். என்ன செய்வது டாக்டர்?
- ஒரு வாசகி

பதில்: அண்ணனின் கோபம் பாசத்தில் வருவது, புரிகிறது. முதலில் அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து, எது வேண்டாம் என்று கேளுங்கள் அம்மா. என்னிடம் வந்த ஒரு பெரியவரும் எதைச் சொன்னாலும் மறுத்துக்கொண்டே இருந்தார். மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "வாரத்துக்கு மூணு நாள் என்னைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சா, இவன் வேலை போயிடும் டாக்டர்" என்றார். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ் உண்டென்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

சரி, எல்லாம் தெரிந்தபின்னும் உங்கள் அப்பா வேண்டாம் என்றால்? அப்போதும் வைத்தியம் நிற்காது. மூச்சுவாங்கல், அரிப்பு, குமட்டல், கால் வீக்கம், ரத்தசோகை எல்லாவற்றுக்கும் மருந்து தொடரும். 80 தாண்டி இதய நோயும் உள்ளவர்களுக்கு டயாலிசிஸால் கூடும் ஆயுள் பல நேரம் கொஞ்சம்தான். அதிலும் ஒரு பகுதி ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் செய்வது பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். வீடு திரும்பினால் பலருக்கு அன்று முழுக்கப் படுத்தே இருக்கத் தோன்றும். இதை அண்ணனிடம் டாக்டரே நேரில் சொல்லட்டும்.

11 என்ற எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். சீக்கிரமே டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு ஆயுள் கூடவில்லை என்று 2010-ல் வெளியான 'ஐடியல்' ஆய்வு காட்டியது. உடல் தொந்தரவுகளைப் பார்த்துத்தான் தொடங்குவோம். ஆனால் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். இயந்திர டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தால் அது பக்குவமாக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். எதுவும் பேசாத வீடுகளில், நள்ளிரவில் மூச்சுத் திணறி வந்தவருக்குக் கழுத்தில் குழாய் போட்டுத் தொடங்க நேர்கிறது. அவர் விருப்பம் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. எனக்கு மிகவும் வலிப்பது அதுதான்.

அப்பா ஊசலாடினால், ஓரிரு மாதம் செய்து பார்த்து, ஒத்துவராவிட்டால் நிறுத்துவது என்று முன்பே பேசிக்கொள்ளலாம். அடுத்த முறை அண்ணனையும் கூட்டிப்போங்கள். "இவர் உடல்நிலைக்கு, இரண்டு வழியிலும் அடுத்த ஒரு வருடம் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். அப்புறம் அப்பா சொல்வதை எழுதி, மருத்துவக் கோப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.