குழந்தை பிறந்த விடுப்புப் பணம்: கலிபோர்னியாவுக்கு வரி உண்டா?

கேள்வி: மகன் பிறந்த பிறகு 8 வாரம் பெய்ட் ஃபேமிலி லீவ் (பணத்தோடு கூடிய குடும்ப விடுப்பு) எடுத்தேன். வாரம் 1,200 டாலர் வீதம் மொத்தம் 9,600 டாலர், கலிபோர்னியாவின் வேலைவாய்ப்புத் துறையான ஈ.டி.டி.யிடமிருந்து வந்தது. அரசு கொடுத்த பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவமும் அதற்கு வந்திருக்கிறது. டாக்ஸ் ஃபைல் செய்து கொடுப்பவர் அதை ‘இதர வருமானம்’ என்று போட்டிருக்கிறார். கலிபோர்னியா ரிட்டர்னிலும் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– ஒரு வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: இப்போது போடாதீர்கள், அம்மா. திருத்திய பிறகு போடுங்கள்.

இந்தப் பணத்துக்கு மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வரி கேட்கும், கலிபோர்னியா கேட்காது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கலிபோர்னியா ரிட்டர்ன், ஃபெடரல் ரிட்டர்னில் உள்ள வருமானத்தை எடுத்துக்கொண்டுதான் கணக்கை ஆரம்பிக்கிறது. நாமாகக் கழித்துக் காட்டாவிட்டால், வரி இல்லாத பணத்துக்கும் வரி போட்டுவிடும்.

ஃபெடரலில் 1099-ஜியின் பாக்ஸ் 1-இல் உள்ள தொகை, ஷெட்யூல் 1-இன் 7-ஆவது லைனில், வேலையில்லாக் காலப் பணம் போகும் இடத்தில் வர வேண்டும். அப்புறம் கலிபோர்னியா வரிப் படிவமான 540-உடன் போகும் ‘ஷெட்யூல் சி.ஏ.’யைப் பாருங்கள். அதில் பகுதி 1, பிரிவு பி, லைன் 7. ஏ பத்தியில் 9,600 இருக்கும். பக்கத்தில் உள்ள பி பத்தி, கழிப்பதற்கானது. அங்கேயும் 9,600 இருந்தால் கணக்கு சரி. உங்கள் ரிட்டர்னில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1099-ஜி பக்கத்தில் பதிந்தால் பல மென்பொருள்கள் தாமாகவே கழித்துவிடும். ‘இதர வருமானம்’ என்று போட்டால் அது என்ன பணம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாநில வரி 9.3 சதவீதப் படியில் இருந்தால், 9,600-க்கு 893 டாலர். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது எத்தனை மாத டயபர், பால் பவுடர் செலவு! அதோடு, இது உங்கள் பணம். 2004-இல் கலிபோர்னியாதான் அமெரிக்காவிலேயே முதலில் இந்தக் குடும்ப விடுப்புத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் எஸ்.டி.ஐ. (மாநில டிஸபிலிட்டி காப்பீடு) பணத்தில்தான் அது நடக்கிறது. உங்கள் சம்பளப் படிவமான டபிள்யூ-2-இல், பெரும்பாலும் பாக்ஸ் 14-இல், ‘சி.ஏ.எஸ்.டி.ஐ.’ என்று ஒரு தொகை இருக்கும், பாருங்கள். 2025-இல் அந்தப் பிடித்தம் சம்பளத்தில் 1.2 சதவீதம்.

ஃபெடரலுக்கும் கொஞ்சம் தயாராக இருங்கள். 1099-ஜியின் பாக்ஸ் 4 காலியாக இருந்தால் இந்தப் பணத்தில் ஃபெடரல் வரி எதுவும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். 22 சதவீதப் படியில் இருப்பவர்களுக்கு 9,600-க்கு 2,112 டாலர் வரும். விடுப்பில் இருக்கும்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால் வாராவாரம் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கலாம்.

இதே தவறோடு முன்பே ஃபைல் செய்தவர்கள் 540-ஐத் திருத்தி, என்ன மாற்றம் என்று விளக்கும் ‘ஷெட்யூல் எக்ஸ்’ சேர்த்து அனுப்பலாம். பணத்தைத் திரும்பக் கேட்கப் பொதுவாக 4 ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எனக்கு வந்த பணத்தைவிட 1099-ஜியில் குறைவாகக் காட்டியிருக்கிறார்கள். மீதியை நானாகச் சேர்க்க வேண்டுமா?
– ஒரு வாசகி, சான் ஹோசே

பதில்: வேண்டாம். உங்களுக்கு வந்தது இரண்டு வகைப் பணம். பிரசவத்துக்கு முன் 4 வாரம் வரை, பின் 6 வாரம் (சிசேரியன் என்றால் 8) தருவது டிஸபிலிட்டி (உடல்நிலையால் வேலை செய்ய முடியாத காலத்துக்கான) பணம். வேலையில்லாக் காலப் பணத்துக்குப் பதிலாக வந்ததாக இல்லாவிட்டால், அதற்கு ஃபெடரல் வரியும் இல்லை, கலிபோர்னியா வரியும் இல்லை. அதனால் அது படிவத்தில் வராது. அதன்பின் குழந்தையோடு இருக்க எடுத்த வாரங்களின் பணம் மட்டும்தான் படிவத்தில் இருக்கும். ஈ.டி.டி. இணையக் கணக்கில் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து, பின்னதன் கூட்டுத்தொகை பாக்ஸ் 1-உடன் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

கேள்வி: அண்ணன் நியூயார்க்கில், அக்கா நியூஜெர்சியில். அவர்களுக்கும் இதே விதியா?

பதில்: அக்காவுக்கு ஆம். நியூஜெர்சியும் குடும்ப விடுப்புப் பணத்துக்கு மாநில வரி போடுவதில்லை. நியூயார்க் போடுகிறது. அண்ணன் அங்கே கழிக்கக் கூடாது.