வாசகர் கேள்வி: ஃபிரிஸ்பீ ஏன் தள்ளாடுகிறது?

கேள்வி: பெங்களூருவில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பி.டி. சார் வராத நாட்களில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போவது நான்தான். வீசிப் பிடித்து விளையாடும் ஃபிரிஸ்பீ தட்டு பத்து இருக்கிறது, பிள்ளைகள் நாற்பது பேர். யார் வீசினாலும் தட்டு தள்ளாடிக் கவிழ்ந்துவிடுகிறது, பலசாலிப் பையன்கள் வீசினால் இன்னும் மோசம். எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆசிரியை, அல்சூர்

பதில்: பலசாலிகள் வீசினால் இன்னும் மோசம் என்கிறீர்களே டீச்சர், உங்கள் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற வரை ஆணி மேல் நிற்கும், சுற்று ஓய்ந்தால் சாய்ந்துவிடும். தட்டும் அப்படித்தான். பறக்கும்போது காற்று அதை நட்டநடுவில் தூக்குவதில்லை, கொஞ்சம் முன்பக்கமாகத் தூக்குகிறது. அதனால் சுழலாத தட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு கவிழும், நன்றாகச் சுழல்வது அதைத் தாங்கிக்கொண்டு நேராகப் போகும். தோள் பலத்தில் வீசினால் வேகம் மட்டும்தான் கூடும். சுழற்சியைக் கொடுப்பது மணிக்கட்டு.

முதல் நாள் தூரமாக வீசவே விடாதீர்கள். ஜோடி ஜோடியாக ஐந்தடி இடைவெளியில் நிறுத்தி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சுண்டி அனுப்பச் சொல்லுங்கள். ஈரத் துண்டை உதறும்போது கடைசியில் ஒரு 'சட்' வருமே, அந்த 'சட்'தான் வேண்டும். நான் பிள்ளைகளிடம் துண்டைக் கொடுத்து உதறவே வைக்கிறேன், அதற்கப்புறம் நான் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை.

பிடிக்கும் விதம்: கட்டைவிரல் தட்டின் மேலே, ஆள்காட்டி விரல் விளிம்பை ஒட்டி, மற்ற விரல்கள் அடியில். வலக்கைக்காரர் வலது தோளை எதிராளியின் பக்கம் திருப்பி, வலது காலை முன்னால் வைத்து நிற்கட்டும். தட்டை இடது இடுப்புப் பக்கம் கொண்டுபோய் அங்கிருந்து வீச வேண்டும், விட்ட பிறகு விரல் எதிராளியின் வயிற்றைக் காட்டி நிற்க வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு எல்லாமே நேர்மாறு, அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள், வரிசையில் நின்று வலக்கைக்காரர்களைப் பார்த்துக் குழம்பிப்போவது அவர்கள்தான். வலக்கையால் விட்ட தட்டு வலப்பக்கமாக வளைந்து உருண்டு ஓடினால், விடும்போது உடம்பை விட்டு விலகியிருக்கிற விளிம்பு மேலே தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொஞ்சம் தாழ்த்தினால் சரியாகிவிடும்.

நாற்பது பேருக்குப் பத்துத் தட்டு போதும். ஒரு தட்டுக்கு நான்கு பேர், இரண்டிரண்டாக எதிரெதிரே. எல்லா வரிசையும் ஒரே திசையில் இருக்கட்டும், குறுக்கே எதுவும் பறக்கக் கூடாது. எதிராளி பார்க்கிறான் என்று கண்ணால் உறுதி செய்யாமல் யாரும் வீசக் கூடாது என்பதைக் கட்டாய விதியாக வையுங்கள். தூரத்தை அளக்காதீர்கள், தொடர்ச்சியாக எத்தனை பிடி என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை நால்வருக்கும் சேர்த்து என்பதால் எதிராளிக்குப் பிடிக்க வசதியாக வீசினால்தான் கூடும், முரட்டு வீச்சு தானாக அடங்கும். கிரிக்கெட்டில் பந்து கிடைக்காமல் எல்லையில் நின்றுகொண்டிருக்கிற பிள்ளைகள் இதில் முன்னால் வருவார்கள். இந்த விளையாட்டு எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதற்காகத்தான்.

ஆடி மாதக் காற்றில் மட்டும் கவனம். எதிர்க்காற்று தட்டை மேலே தூக்கும், பின்காற்று கீழே அமுக்கும். முடிந்தால் வரிசைகளைக் கட்டடத்தின் மறைவில் போடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. வீசுவது ஓரளவு வருகிறது, ஆனால் தட்டு பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுகிறாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், சிவாஜிநகர்

பதில்: திட்டுவதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. கனமான ஒன்று முகத்தை நோக்கிச் சுழன்று வரும்போது கண் மூடுவது இயல்பு. பயிற்சி ஏறினால்தான் அது விலகும், அதுவரை அவளுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

நாலைந்து காகிதத் தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். அதை வைத்து ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே விளையாடுங்கள், பட்டாலும் வலிக்காது. பிடிக்க ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முதலை வாய் திறந்த மாதிரி. தட்டு உள்ளே வந்ததும் வாயை மூட வேண்டும். இரண்டு உள்ளங்கையும் தட்டின் தட்டையான பரப்பில்தான் படும், விளிம்பு விரல் நுனியில் இடிக்காது. ஒரு கையை நீட்டி விளிம்பைப் பற்றப் போய் விரல் மடங்கி அடிபட்ட பிள்ளைகள்தான் அப்புறம் பயப்படுகிறார்கள். எல்லாமே வயிற்று உயரத்துக்கு வரும்படி நீங்களே மெதுவாகப் போட்டுக்கொடுங்கள். தட்டின் மேல் பெரியதாக ஓர் எழுத்து எழுதி, பிடித்த பிறகு அந்த எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வதற்காகவே அவள் கடைசி வரை பார்ப்பாள்.

இது பழகிய பிறகு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடிக்கலாம். நெஞ்சுக்கு மேலே வருகிற தட்டுக்குக் கட்டைவிரல் இரண்டும் அடியில், இடுப்புக்குக் கீழே வந்தால் கட்டைவிரல் மேலே. ஒரு கைப் பிடிக்கு அவசரமே இல்லை.

கேள்வி: இது கடற்கரைப் பொழுதுபோக்குதானே, பள்ளி நேரத்தை இதற்குச் செலவிடலாமா? வாங்குவதாக இருந்தால் எந்த எடை?
— ஒரு தந்தை, ஜீவன்பீமா நகர்

பதில்: தாராளமாகச் செலவிடலாம் சார். இதை வைத்து ஆடும் அல்டிமேட் என்ற ஆட்டமே 1968இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி மாணவர்கள் தொடங்கியதுதான். அணிக்கு ஏழு பேர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. உலகப் போட்டியில்கூட நடுவர் தீர்ப்பு கிடையாது, தவறு நடந்தால் ஆடுகிறவர்களே பேசித் தீர்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் 'என் கை பட்டது, தப்பு என்னுடையது' என்று தாங்களாகச் சொல்வதை ஒருமுறை நேரில் வந்து பாருங்கள், பள்ளி நேரத்தைப் பற்றி மறுபடி கேட்க மாட்டீர்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு இதன் உலகக் கூட்டமைப்பை 2015இல் அங்கீகரித்திருக்கிறது.

எடையைப் பொறுத்தவரை, பெரியவர்கள் ஆடுவது 175 கிராம். சின்னக் கைக்கு அது கனம், பத்து வயதுக்குக் கீழே இருந்தால் 145 கிராம் அளவில் வருகிற சிறுவர் தட்டையோ வளைந்து கொடுக்கும் மெத்தென்ற தட்டையோ வாங்குங்கள். கடைகளில் கிடைக்கிற மெல்லிய பொம்மைத் தட்டு வேண்டாம், விளிம்பில் கனம் இல்லாததால் எவ்வளவு நன்றாகச் சுண்டினாலும் தள்ளாடும், பிள்ளை தன் கைமேல்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும்.