மச்சானின் ஸ்னோமொபைலும் உங்கள் ஸ்கூட்டியும்

கேள்வி: என்னுடைய 110 சிசி ஸ்கூட்டி ஏழு வருடமாக ஓடுகிறது. மனைவியையும் மகனையும் ஏற்றினால் சத்தம்தான் கூடுகிறது, இழுவை இல்லை. கனடாவில் இருக்கும் மச்சான், பனியில் ஓட்டும் தன் ஸ்னோமொபைலுக்குக் கிளச் மாற்றினாராம், இப்போது பாய்கிறதாம், என்னையும் மாற்றச் சொல்கிறார். கடையில் ஒரு 'ரேசிங் கிளச்' செட் காட்டினார்கள். போடலாமா?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம், காசைப் பையில் வையுங்கள்.

மச்சான் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர் கிளச் என்பது வேறு சாமான். ஸ்னோமொபைலில் எஞ்சினோடு சேர்ந்த முன் கப்பிதான் கிளச். வண்டி நிற்கும்போது அதன் இரண்டு தட்டும் விலகி பெல்ட் தளர்ந்து கிடக்கும், ஆக்சிலேட்டரை அமுக்கினால் உள்ளே இருக்கும் எடைகள் விரிந்து, தட்டை நெருக்கி, பெல்ட்டைப் பிடிக்கும். பனிமலையில் ஓடுகிறவர்கள் அந்த எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவார்கள், உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினின் பலம் குறைகிறதே. உங்கள் ஸ்கூட்டியில் அதற்கு ஈடானது எஞ்சினோடு சேர்ந்து முன்னால் உள்ள வேரியேட்டர் என்ற கப்பியும் அதற்குள் எடைகளாக உருளும் ரோலர்களும். கிளச் தனியாகப் பின்னால் இருக்கிறது, பிரேக் ஷூ மாதிரி விரிந்து ஒரு கிண்ணத்தைப் பிடிக்கும். 'ரேசிங்' செட் என்று விற்பதில் பெரும்பாலும் இறுக்கமான ஸ்பிரிங் இருக்கும், அதைப் போட்டால் எஞ்சின் இன்னும் கத்திய பிறகுதான் வண்டி நகரும். மூன்று பேரோடு சந்தை நெரிசலில் ஊர்ந்தால் ஷூ வழுக்கி, சூடேறி, தேய்ந்துவிடும். (மகனுக்கும் ஹெல்மட் இருக்கிறதுதானே?)

என் வண்டிக்கும் இதே நோய் வந்தது. ஒரு கராஜில் கிளச் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு வேறொருவர் முன் பக்கத்தைத் திறந்து ரோலர்களைக் கையில் கொட்டினார். உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகி, சப்பிய புளிப்பு மிட்டாய் மாதிரி இருந்தன. வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் முதலில் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, அகலம் குறைந்திருக்கிறதா, ரோலர் தட்டையா, இவ்வளவும் நீங்களே பார்க்கலாம். எண்ணெய் கசிந்து பெல்ட்டில் பட்டிருந்தாலும், மாரி வெள்ளத்தில் ஓட்டி உள்ளே தண்ணீர் போயிருந்தாலும், எந்தக் கிளச் போட்டும் பெல்ட் வழுக்கத்தான் செய்யும். பின்னால் ஷூ பளபளவென்று கண்ணாடி போலிருந்தாலோ, கிண்ணம் நீலம் பாரித்திருந்தாலோ கிளச்சையும் மாற்றத்தான் வேண்டும், அப்போதும் கம்பெனி சாமானே போதும்.

இதற்கு மேலும் இழுவை வேண்டுமென்றால் கொஞ்சம் எடை குறைந்த ரோலர் போட்டுப் பார்க்கலாம். புறப்படும்போது நன்றாக இழுக்கும், ஆனால் ஓட்டத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், பெற்றோலும் கூடக் குடிக்கும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மலையேறிப் போகிறவருக்கு அது பிரயோசனம். நமக்குப் பாலத்து ஏற்றத்தை விட்டால் மேடு எங்கே?

கழற்றிய பழைய ரோலர்களை மட்டும் ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பலாம்.