வெயில் அடிக்கிறதே, கிளம்பத்தான் வேண்டுமா? டாம்பாவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். ஃப்ளோரிடாவுக்கு வந்து இது உங்களுக்கு முதல் ஹரிகேன் சீசன். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு புயல் உருவாகி வடக்கே நகர்கிறது, டாம்பாவைத் தொடாமல் கடலிலேயே கடந்துபோய், வடக்கே கரை வளைகிற பிக் பெண்ட் பக்கம் கரையேறும் என்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. வீடு டாம்பா விரிகுடாவிலிருந்து நடக்கிற தூரத்தில், தரைத்தளம், மனைவியும் கைக்குழந்தையும் கூட இருக்கிறார்கள். ‘கடலூரில் “தானே” புயலைப் பார்த்தவன் நான், இதற்கெல்லாம் கிளம்ப வேண்டுமா’ என்கிறீர்கள்.

ஆமாம், கிளம்புங்கள். நாளை மதியத்துக்குள்.

முதலில் இந்த வெயில். புயலின் நடுவில் மேலே ஏறுகிற காற்று உச்சியில் பரவி, சுற்றிலும் வெளிப்பக்கமாகக் கீழே இறங்கும். அப்படி இறங்குகிற காற்று மேகத்தைக் கூடவிடாது, அதனால் புயலுக்கு முந்தைய நாள் இங்கே பல தடவை வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும், மூச்சு முட்டுகிற புழுக்கம், மரத்தில் இலை அசையாது. அப்புறம் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் விசிறி மாதிரி விரிந்து வரும், அன்றைய அந்தி ஆரஞ்சும் ஊதாவுமாக இருக்கும், எல்லோரும் படம் எடுத்துப் போடுவார்கள். மறுநாள் பட்டை பட்டையாக மழை. ஐந்து நிமிஷம் கொட்டும், கார் கதவைப் பிடுங்குகிற மாதிரி ஒரு காற்று வரும், உடனே நின்று வெயில் அடிக்கும், இவ்வளவுதானா என்று நினைக்க வைக்கும். அந்தப் பட்டைகளில்தான் டொர்னாடோ என்கிற சுழல்காற்றும் வரும். 2024 அக்டோபரில் மில்டன் புயல் மேற்குக் கரையில் ஏறுவதற்குப் பல மணி நேரம் முன்பே, மாநிலத்தின் கிழக்குக் கரையில் டொர்னாடோக்கள் ஆட்களைக் கொன்றன. ஆகவே தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வானம் நன்றாக இருக்கிற நேரம் வேலையை முடிப்பதற்குத்தான்.

அடுத்தது, நம்மைத் தாண்டித்தான் போகிறது என்கிற விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இந்த ஊரில் உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். நம் பக்கத்துப் புயல் எல்லாம் இடஞ்சுழியாகத்தான் சுற்றும், அங்கே வங்கக் கடலிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். புயலின் நடு டாம்பாவுக்குத் தெற்கே கரை கடந்தால் நமக்குக் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வீசும், விரிகுடாத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் அப்படித்தான் செய்தது. டாம்பாவுக்கு வரும் என்று பயந்துகொண்டிருந்த புயல் தெற்கே கேயோ கோஸ்டாவில் ஏறியது, இங்கே பேஷோர் பூலவார்ட் சாலை ஓரமாக விரிகுடாவின் தரையே தெரிந்தது, ஆட்கள் இறங்கி நடந்தார்கள். அதே நேரம் ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடி வரை கடல் உள்ளே வந்தது.

புயல் நமக்கு மேற்கே கடலில் இருந்தபடி வடக்கே போனால் கதை தலைகீழ். காற்று தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வந்து வளைகுடாத் தண்ணீரை விரிகுடாவுக்குள் அள்ளித் தள்ளும். இந்தக் கரைக்கு வெளியே கடல் ரொம்ப தூரத்துக்கு ஆழமில்லாதது, அதனால் தள்ளப்படுகிற தண்ணீர் ஒதுங்க வழியில்லாமல் ஊர்மேல் ஏறும். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் 160 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலில் போய், பெர்ரி என்கிற ஊருக்குப் பக்கத்தில் கரை கடந்தது. டாம்பாவில் காற்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புயல் நம்மைக் கடந்து வடக்கே போன பிறகு, இரவில், 6, 7 அடி தண்ணீர் வந்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்று படுத்தவர்கள் விழித்தபோது கட்டிலைச் சுற்றித் தண்ணீர். பினெல்லஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மட்டும் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உங்கள் புயலுக்குப் போட்டிருக்கிற பாதை இந்த இரண்டாவது வகை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘தானே’ புயலை நீங்கள் பார்த்ததை நான் குறைத்துப் பேசவில்லை. கடலூர் மாவட்டத்துப் பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்று என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனால் இங்கே நீங்கள் பயப்பட வேண்டியது காற்றுக்கு முன்னால் தண்ணீருக்கு. கேட்டகிரி 1, 2 என்று டிவியில் சொல்கிற எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும், கடல் எவ்வளவு வரும், மழை எவ்வளவு பெய்யும் என்பது அதில் கிடையாது. மில்டன் கடலில் இருந்தபோது காற்று மணிக்கு 180 மைல் வரை போய், சியெஸ்டா கீயில் ஏறும்போது சுமார் 115, 120 மைலாகக் குறைந்தது, அந்தப் புயலே வடக்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழையைக் கொட்டியது. டிவி வரைபடத்தில் புயலின் பாதையாகக் காட்டுகிற கூம்பும் அப்படித்தான். புயலின் நடுப்புள்ளி போகக்கூடிய பாதை மட்டும் அது, மூன்றில் ஒரு தடவை அதற்கும் வெளியே போகும். நீங்கள் கூம்புக்கு வெளியே இருப்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமே இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வெளியேறுவதற்கான உங்கள் ஸோன். கவுண்டியின் இணையப் பக்கத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் ஏ முதல் ஈ வரை ஏதாவது ஒரு எழுத்து வரும், ஏ என்றால் முதலில் வெளியேற வேண்டியவர்கள். நீங்கள் சொல்கிற இடத்துக்கு அநேகமாக ‘ஏ’தான் வரும். இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்கிற ஃப்ளட் ஸோன் வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லீசிங் ஆபீசில் இங்கெல்லாம் தண்ணீர் வந்ததே இல்லை என்று சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், அதை நம்பித் தங்காதீர்கள். தேசிய ஹரிகேன் மையத்தின் அறிக்கை காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும், ரஸ்கினில் இருக்கிற வானிலை அலுவலகம் நம் ஏரியாவுக்கு எத்தனை அடி தண்ணீர் என்று தனியாகப் போடும். இந்த இரண்டும் போதும், வாட்ஸ்அப்பில் வருகிற வரைபடங்களை விட்டுவிடுங்கள்.

கிளம்புவது என்றால் அட்லாண்டாவுக்கு ஓடுவது இல்லை. 2017ல் இர்மா புயலுக்கு மாநிலமே வடக்கே கிளம்பி ஐ-75 நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக நின்றது, பெட்ரோல் கிடைக்கவில்லை. தண்ணீர் வராத மேட்டில், கெட்டியான ஒரு வீடு போதும், அது அரை மணி நேர ஓட்டத்திலேயே இருக்கும். நியூ டாம்பா, வெஸ்லி சேப்பல் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்பதற்குத் தயங்காதீர்கள். பாலங்களைக் காற்று மணிக்கு 40 மைலைத் தொட்டால் மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் நினைத்தாலும் வர முடியாது.

இன்றைக்கே டேங்கை நிரப்புங்கள், கொஞ்சம் ரொக்கம் எடுங்கள். பாஸ்போர்ட், குடியேற்றத் துறையின் ஐ-797 கடிதம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு ஜிப் பைக்குள். மின்சார அடுப்பு என்பதால் கரன்ட் போனால் சமையல் கிடையாது, மில்டனில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் போயின, சில ஏரியாக்களுக்குப் பல நாட்கள் வரவில்லை. அவல், ரொட்டி, வாழைப்பழம், சத்துமாவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், குழந்தைக்கு டயபரும் மருந்தும். கண்ணாடியில் டேப் ஒட்டுகிற வேலை வேண்டாம், ஒரு பயனும் இல்லை. ஜெனரேட்டரோ கேம்பிங் அடுப்போ இருந்தால் வீட்டுக்குள்ளும் காராஜிலும் பால்கனியிலும் ஏற்றவே கூடாது, அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். உங்களுடையது எலக்ட்ரிக் கார் என்றால் உப்புத் தண்ணீர் ஏறுகிற இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள், ஹெலீனுக்குப் பிறகு அப்படிப்பட்ட சில வண்டிகள் தானாகத் தீப்பிடித்தன.

வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்கிற ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றீர்கள். அதில் பொதுவாக வெள்ளம் சேராது, வெள்ளத்துக்கான அரசு பாலிசி இன்று எடுத்தாலும் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், இந்தப் புயலுக்கு உதவாது. அதனால் கீழே இருக்கிற லேப்டாப், சான்றிதழ், ஊரிலிருந்து கொண்டுவந்த நகை எதுவானாலும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலீனுக்கு அப்புறம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு தெருவில் உதவிக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வீடு வாசலில் மெத்தை, சோபா, ஃபிரிட்ஜ், குழந்தையின் தொட்டில் எல்லாம் குவிந்து கிடந்தன, சாக்கடையும் டீசலும் கலந்த ஒரு வாடை, சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பழுப்புக் கோடு. அதை அள்ளி முடிப்பதற்குள் மில்டன் வந்துவிட்டது.

‘வெளியேறும் உத்தரவு வந்த ஏரியாவில் இருக்கிறேன்’ என்று ஆபீசுக்கு ஒரு வரி மெயில் போடுங்கள், இந்த ஊர் மேலாளர்களுக்கு அது புதிதல்ல. அம்மா அப்பாவுக்கு இன்று ராத்திரியே போன் செய்து எந்த வீட்டுக்குப் போகிறீர்கள், இரண்டு நாள் போன் எடுக்காவிட்டால் பதற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே டிவியில் ஃப்ளோரிடா என்று மொத்தமாகக் காட்டும்போது அவர்களுக்குத் தூக்கம் வராது.

போக இடம் அமையவில்லை என்றால் எங்கள் வீடு வெஸ்லி சேப்பலில்தான், மாடி அறை காலியாக இருக்கிறது. கூச்சப்படாமல் தனிச் செய்தி அனுப்புங்கள், குழந்தைக்கு என்ன பால் பவுடர் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், நாளை காலையில் கடைக்குப் போகும்போது வாங்கி வைக்கிறேன்.